சார்ட்டில் இல்லாத பெயர்

அத்தியாயம் 17

அன்று காலை ஊசியில் நூல் கோர்க்க மூன்று தடவை முயன்ற டெய்லரம்மா, கடைசியில் ஊசியை டப்பாவிலேயே தூக்கிப் போட்டுவிட்டாள்.

இருபத்தாறு வருஷமாகப் பழகிய கை. ரெடிமேட் கடை வாசலில் ஒரு மெஷினைப் போட்டுக்கொண்டு, நீளமானதைக் குறைத்து, இறுக்கமானதைத் தளர்த்திக் கொடுக்கிற கை. அதற்கு இன்றைக்கு ஊசிக் காது அகப்படவில்லை. எப்படி அகப்படும்? பத்தரை மணிக்கு விசா ஆபீஸில் இருக்க வேண்டும்.

டென்மார்க் விவகாரம் இந்த வீட்டுக்குள் நுழைந்து ஐந்து வாரமாகிறது. நாலு வருஷத்துக்கு முன்னால் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போன மகன் இப்போது அங்கேதான் இருக்கிறான். காற்றாலைக் கோபுரங்களில் ஏறி இறக்கைகளைப் பழுது பார்க்கிற வேலை. இன்னும் ஆறு வாரத்தில் அவனுக்குக் கல்யாணம். பெண், குதிரைகளுக்கு வைத்தியம் பார்ப்பவள். அம்மா, அப்பா, அத்தை என்று மூன்று பேரையும் சேர்த்து அழைப்புக் கடிதம் அனுப்பியிருந்தான்.

கடிதம் வந்த அன்றிலிருந்து வீட்டுக்காரரைக் கையில் பிடிக்க முடியவில்லை. பஸ் டிப்போவில் முப்பத்து மூன்று வருஷம் டிரைவர்களுக்கும் கண்டக்டர்களுக்கும் டியூட்டி சார்ட் போட்டு ஓய்வு பெற்றவர். டிப்போவில் அவருக்குப் பெயரே சார்ட் சார்தான். யார் எந்த வண்டி, எத்தனை மணிக்கு எடுக்கணும், எங்கே சாப்பாடு, எந்த ரூமில் படுக்கை, ஒருத்தருக்கு உடம்பு முடியாவிட்டால் யார் மாற்று, எல்லாவற்றையும் ஒரே தாளில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு எழுதிவிடுவார்.

டென்மார்க்குக்கும் அப்படியே எழுதிவிட்டார். ஒன்பது நாளுக்கு ஒன்பது வரிசை. ‘ஐந்தாம் நாள்: காலை 8.10 எழுந்திருத்தல். 8.40 டீ. 9.15 கடற்கரை. காற்று அதிகமானால் மாற்று ஏற்பாடு: மியூசியம்.’ அங்கே கோடையில் ராத்திரி பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும் என்று எங்கேயோ படித்துவிட்டு, தூங்கப் போகிற நேரத்தை மட்டும் சிவப்பு மையில் எழுதியிருந்தார். சூரியனை நம்பி உட்கார்ந்திருந்தால் அத்தனை பேரும் தூக்கம் கெட்டு விழுவார்களாம்.

“பஸ்ஸு போயி இப்ப நாங்க மாட்டிக்கிட்டோம்” என்று சிரித்தாள் நாத்தனார். மாடியில் குடியிருப்பவள். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. அண்ணன் மகன் சின்ன வயசில் வைத்த ‘எக்ஸ்ரே அத்தை’ என்ற பெயர் இன்றைக்கும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. “அண்ணி, எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். குதிரைக்கு எப்படி எக்ஸ்ரே எடுப்பாங்க? மூச்சைப் பிடின்னா பிடிக்குமா? அந்தப் பொண்ணைப் பார்த்ததும் முதல்ல அதைத்தான் கேக்கப் போறேன்.”

சார்ட் ஃபிரிஜ் கதவில் ஒட்டியிருந்தது. இரண்டு பெண்களும் தினம் பத்து தடவை அதைப் பார்த்தார்கள். அதில் இரண்டு பெயர்தான் இருந்தது. இரண்டு பேருக்குமே அது தப்பாகப் படவில்லை. சார்ட் போடுகிறவர் தன் பெயரை எங்கே எழுதினார்? முப்பத்து மூன்று வருஷமாக அவர் போட்ட எந்தச் சார்ட்டிலும் அவர் பெயர் வந்ததில்லையே. வேறு வீடாயிருந்தால் முதல் நாளே கேட்டிருப்பார்கள். இந்த வீட்டில் கேட்கத் தோன்றவில்லை.

விசா ஆபீஸ் ஒரு பெரிய கட்டிடத்தின் மூன்றாவது மாடியில் இருந்தது. வாசலில் காவலாளி ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். முறை வந்தது.

“ரெண்டு பேர்தானேம்மா? நாப்பத்தொண்ணு, நாப்பத்திரெண்டு. உள்ள போங்க.”

“மூணு பேருங்க” என்றாள் டெய்லரம்மா.

“லிஸ்ட்டுல ரெண்டுதான் இருக்கு.”

டெய்லரம்மா திரும்பிப் பார்த்தாள். சார்ட் சார் நாலடி தள்ளி, ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சுவரில் தொங்கிய தீயணைப்பு விதிகளை மும்முரமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

“என்னங்க, இவரு ரெண்டு பேருங்கறாரு.”

“அப்படியா?” என்றார். “அடடா. என் பேரைப் போட விட்டுட்டேன் போல இருக்கு. பழக்கதோஷம்.”

எக்ஸ்ரே அத்தை வாய்விட்டுச் சிரித்தாள். “நல்ல ஆளு அண்ணா நீங்க! ஊருக்கெல்லாம் டியூட்டி போட்டுட்டு உங்களையே மறந்துட்டீங்களா?”

டெய்லரம்மா சிரிக்கவில்லை. தினம் காலையில் ஆறு ஐந்துக்கு அவளுடைய தைராய்டு மாத்திரையைத் தண்ணீரோடு நீட்டுகிற மனுஷன். ஒரு நாள்கூட ஆறு ஆறு ஆனதில்லை. அவராவது, மறப்பதாவது.

பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். சார்ட் சார் இரண்டு பேருடைய காகிதங்களையும் எடுத்துக் கொடுத்தார். வேறு வழியில்லாமல் உள்ளே போனார்கள்.

உள்ளே விரல் ரேகை எடுத்தார்கள், போட்டோ எடுத்தார்கள். கவுன்ட்டர் பெண் ரொம்பச் சின்ன வயசு, கனிவான முகம். டெய்லரம்மாவின் பெருவிரல் ரேகை லேசில் விழவில்லை. ஊசி குத்திக் குத்தி நுனி தேய்ந்து போயிருந்தது. நாலாவது தடவை ஈரத் துணியால் துடைத்துவிட்டு வைத்ததும் பச்சை விளக்கு எரிந்தது.

“ஏம்மா, என் வீட்டுக்காரர் வெளில நிக்கிறாரு. அழைப்புல அவர் பேரும் இருக்கு. நேரம் பதிவு பண்ணும்போது விட்டுப்போச்சு. ஏதாவது வழி இருக்கா?”

அந்தப் பெண் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தாள். “இன்னைக்கு ரெண்டரைக்கு ஒருத்தர் ரத்து பண்ணியிருக்காங்க. ஃபார்ம் முழுசா எழுதிக் கொண்டுவந்தா அந்த நேரத்தை அவருக்குக் குடுக்கலாம். இதை விட்டா இனிமே இருபத்திரெண்டு நாள் கழிச்சுதான் தேதி. அதுக்கு மேல விசா வர மூணு, நாலு வாரமாகும்.”

டெய்லரம்மாவுக்கு மனக்கணக்கு சட்டென்று வரும். ஆறு வாரம் தாண்டிவிடும். இன்றைக்கு இரண்டரை மணிக்கு இந்த மனுஷன் உள்ளே வராவிட்டால், பையன் கல்யாணத்தில் அப்பா இருக்க மாட்டார்.

வெளியே வரும்போது மணி பன்னிரண்டே கால். எதிர்ச் சாரியில் ஒரு டீக்கடை இருந்தது. மூவரும் ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்தார்கள். வெற்று ஃபார்மை டெய்லரம்மா அவர் முன்னால் வைத்தாள்.

“எழுதுங்க. ரெண்டரைக்கு இடம் கிடைச்சிருக்கு.”

அவர் டீயை ஆற்றினார். ஏற்கெனவே ஆறிப்போன டீ.

“பாஸ்போர்ட் கொண்டு வரலையே.”

“சரி, நான் ஆட்டோ பிடிச்சுப் போய் எடுத்துட்டு வரேன். எங்க வச்சிருக்கீங்க?” என்று எக்ஸ்ரே அத்தை எழுந்தாள்.

“அதெல்லாம் தேடணும்…” என்று மென்று விழுங்கினார்.

தேடுவதாம்! இந்த வீட்டில் மின்சார பில் கூட வருஷ வாரியாகத் துளை போட்டுக் கோர்த்திருக்கும். எக்ஸ்ரே அத்தை அவர் மடியிலிருந்த ஃபைலை இழுத்துத் திறந்தாள். முதல் உறையில் அவர் பாஸ்போர்ட் இருந்தது. அதற்குள்ளே வெள்ளைப் பின்னணியில் புதிதாக எடுத்த இரண்டு போட்டோக்கள். மீசை ஒழுங்காகக் கத்தரித்து, சட்டைக் காலரில் பொத்தான் போட்டு, கல்யாணப் பத்திரிகை வாங்க வந்தவர் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

“வராத ஆளுக்குப் போட்டோ எதுக்குண்ணா?”

சார்ட் சார் போட்டோக்களைக் கவிழ்த்து வைத்தார்.

டெய்லரம்மாவுக்கு அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் பொங்கிக்கொண்டு வந்தது. “போன வாரம் உங்க பழைய கோட்டுக்கு உள்துணி வச்சுத் தைச்சேனே, அப்ப மரம் மாதிரி நின்னு அளவு குடுத்தீங்களே! தோள்பட்டை இறுக்குதுன்னு பிரிச்சு வேற தைக்கச் சொன்னீங்களே! போகப் போறதில்லைன்னு அப்பவே சொல்லித் தொலைச்சிருந்தா என் கண்ணாவது மிஞ்சியிருக்கும்!”

“மெதுவாப் பேசு.”

“பேச மாட்டேன். சொல்லுங்க. அவன் மேல இருக்கற கோவம் இன்னும் தீரலையா? நாலு வருஷமாச்சுங்க!”

நாலு வருஷக் கதை வாசகர்களுக்குத் தெரிந்ததுதான். டிப்போ மெக்கானிக் வேலைக்கு அப்பா சொல்லி வைத்து, பையனுக்காக முதல் நாள் காலை ஐந்தரைக்கே கேட்டில் போய் நின்றார். பையன் வரவில்லை. முந்தின நாளே காற்றாலைப் படிப்புக்கு ரயில் ஏறிவிட்டிருந்தான். அத்தனை டிரைவர்களும் பார்க்க அப்பா ஒன்பது மணிவரை அந்தக் கேட்டிலேயே நின்றார். அன்றிலிருந்து இரண்டு பேரும் நேரடியாக ஒரு வார்த்தை பேசியதில்லை. எல்லாம் அம்மா மூலமாகத்தான்.

“கோவமெல்லாம் எப்பவோ போயாச்சு” என்றார் சார்ட் சார். ஃபைலைத் தன் பக்கம் இழுத்து, அழைப்புக் கடிதத்தை எடுத்து மேஜையில் விரித்தார். மடித்து மடித்து மடிப்பே கிழிகிற நிலையில் இருந்தது. “நீயே படிச்சுப் பாரு. நீயும் இவளும் அந்தப் பொண்ணோட அம்மா வீட்டுல தங்குவீங்கன்னு விலாசத்தோட எழுதியிருக்கான். என் பேருக்கு நேரா என்ன இருக்கு?”

டெய்லரம்மா பார்த்தாள். அவர் பெயருக்கு நேரே வெறுமையாக இருந்தது.

“நான் முப்பத்து மூணு வருஷத்துல ஒரு டிரைவரையும் படுக்க இடம் எழுதாம வெளியூர் டியூட்டில போட்டதில்ல. இடம் எழுதலைன்னா அந்த ஆளு தேவையில்லைன்னு அர்த்தம். ஊருக்காகப் பேரைப் போட்டிருக்கான். போட்டதே பெருசு. நான் போய் அவன் வாசல்ல நிக்கணுமா?”

சார்ட் சார் கடிதத்தை மறுபடி மடித்தார். இன்னொரு கேட்டில் போய் நிற்க அவருக்குத் தெம்பில்லை. அவ்வளவுதான் விஷயம்.

“மறந்து விட்டிருப்பான்” என்றாள் டெய்லரம்மா. “அப்பாவைக் கட்டாயம் கூட்டிக்கிட்டு வான்னு என்கிட்ட எத்தனை தடவை…”

“உன்கிட்ட.”

ஒரே வார்த்தைதான். டெய்லரம்மாவுக்குச் சுருக்கென்றது. அதற்குக் காரணம் இருந்தது. அந்தக் காரணத்தை அவள் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

பையன் அப்படிச் சொல்லவே இல்லை. “அப்பா வருவாரா?” என்று மட்டும்தான் கேட்டான். அதுவும் போனை வைக்கிற நேரத்தில். “கட்டாயம் வருவார், இப்பவே பெட்டியைத் துடைச்சு வச்சுட்டார்” என்றாள் இவள். இவரிடம் வந்து, “அப்பா இல்லாம கல்யாணமேன்னு அழறான்” என்றாள். நாலு வருஷமாக இதே கதைதான். அந்தப் பக்கம் ‘சரி’ என்று ஒரு வார்த்தை வந்தால் இந்தப் பக்கம் ஒரு முழம் தளர்த்தி விடுவாள். இந்தப் பக்கம் ஒரு முறைப்பு வந்தால் அந்தப் பக்கம் போகுமுன் வெட்டிக் குறைத்து விடுவாள். ‘அப்பா உன்னைப் பத்தி டிப்போல பெருமையாச் சொல்லிக்கிட்டு இருந்தார்’ என்று ஒரு தடவை வாய் கூசாமல் சொல்லியிருக்கிறாள். அன்றைக்கு அவர் டிப்போவுக்குப் போனதே அவளுக்கு நிச்சயமில்லை.

மணி ஒன்று. ஃபார்மில் ஒரு கட்டம் கண்ணை உறுத்தியது. ‘தங்கும் இடம், முழு விலாசத்துடன்.’ அதை எழுதாமல் கொடுக்க முடியாது. அதைச் சொல்லக் கூடியவன் ஒருத்தன்தான்.

கை தன்னால் போனுக்குப் போனது. இரண்டு நிமிஷ வேலை. ‘அப்பா எங்கடா தங்கணும்?’ என்று கேட்டு, அவன் சொல்வதை இஸ்திரி போட்டு இவரிடம் கொடுத்தால் முடிந்தது. ஆனால் இவர் நம்ப மாட்டார். உன்கிட்ட, என்பார் மறுபடியும். அவர் சொல்வதும் நியாயம்தானே?

நேரே பேசவிட்டாலோ, ஐந்தே நிமிஷத்தில் குட்டு வெளிப்பட்டுவிடும். ‘நான் அப்படிச் சொல்லலையே’ என்பான் அவன். ‘நானும் சொல்லலை’ என்பார் இவர். அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து அவளைத்தான் பார்ப்பார்கள். இத்தனை வருஷம் பொய்யா சொன்னே என்பார்கள்.

அவளுக்குப் பயமாக இருந்தது. நன்றாகவே பயமாக இருந்தது. இருந்தும் எண்ணை அழுத்தி, போனை அவர் கையில் திணித்தாள்.

“எனக்குத் தெரியாது. நீங்களே கேளுங்க.”

“நானா? என்ன கேக்கறது?”

“நான் எங்க படுக்கணும்னு கேளுங்க. உங்களுக்குத்தானே இடம் வேணும்? எனக்கா?”

மணி அடித்துக்கொண்டே இருந்து நின்றுபோனது. “கோபுரத்து மேல இருந்தா எடுக்க மாட்டான்” என்றாள் எக்ஸ்ரே அத்தை. சார்ட் சார் போனை மேஜையில் வைத்தார். முகத்தில் ஏமாற்றமா நிம்மதியா என்று சொல்ல முடியவில்லை. டெய்லரம்மா மறுபடி அழுத்தினாள். இந்தத் தடவை இரண்டாவது மணியிலேயே எடுத்தான்.

“சொல்லும்மா.”

சார்ட் சார் தொண்டையைச் செருமினார். டிப்போவில் ஒலிபெருக்கியில் பேசுவதற்கு முன்னால் செருமுகிற அதே செருமல்.

“நான்… அப்பா பேசறேன்.”

அந்தப் பக்கம் காற்று இரைவது மட்டும் மேஜைவரை கேட்டது.

“இங்க ஒரு ஃபார்ம் எழுதறேன். அதுல ஒரு கட்டம் இருக்கு. தங்குமிடம்னு கேட்டிருக்கான். உங்கம்மாவுக்கும் அத்தைக்கும் இருக்கு. எனக்கு… என்ன எழுதட்டும்?”

பிறகு அவன் ஏதோ சொன்னான். சார்ட் சார் “ம்” என்றார். இன்னொரு “ம்”. பேனாவை எடுத்துக் கடிதத்தின் பின்பக்கம் எழுத ஆரம்பித்தார். எழுத்து கோணலாகப் போனது. அவர் எழுத்து கோணலாகப் போய் டெய்லரம்மா பார்த்ததில்லை. நடுவில் பேனாவை வைத்தார். அவளை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் அவளுக்கு அரை உயிர் போனது. பிறகு போனோடு எழுந்து, கடைக்கு வெளியே போய், நடைபாதையில் நின்ற ஒரு சைக்கிளுக்குப் பக்கத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

“அண்ணி, மூச்சை விடுங்க” என்றாள் எக்ஸ்ரே அத்தை. “நீங்க பிடிச்சு வச்சு ரொம்ப நேரமாகுது.”

பதினெட்டு நிமிஷம் பேசினார்கள். டெய்லரம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நடுவில் ஒரு தடவை அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று கண்ணாடி வழியாகத் தெரியவில்லை. எக்ஸ்ரே அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, “ரெண்டும்தான்” என்று தீர்ப்புச் சொன்னாள்.

உள்ளே வந்தவர் நேராக ஃபார்மை இழுத்து, அந்தக் கட்டத்தில் விலாசத்தை எழுதினார். அடியில் கோடு போட்டார்.

“அவன் ரூம்லயே தங்கணுமாம். கட்டில் ஒண்ணுதான் இருக்காம். நான் ஒத்துக்குவேனோ மாட்டேனோன்னு பயந்து எழுதாம விட்டானாம். முட்டாப் பய. ஒரு போன் பண்ணிக் கேட்டிருந்தா என்ன?”

இதை நீங்கள் சொல்கிறீர்களா என்று கேட்க நாத்தனாருக்கு வாய் துறுதுறுத்தது. டெய்லரம்மா மேஜைக்கடியில் அவள் காலை மிதித்தாள்.

“வேற என்ன பேசினீங்க?” என்று கேட்டாள். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது.

“உன்னைப் பத்தித்தான்.”

போச்சு என்று நினைத்தாள்.

“நான் டிப்போல அவனைப் பத்திப் பெருமையாப் பேசினேன்னு சொன்னியாமே?”

டெய்லரம்மா புடவைத் தலைப்பைத் திருகினாள். “அது… ஒரு பேச்சுக்கு…”

“பேசினேன்தான்” என்றார் சார்ட் சார். “கேன்டீன்ல வச்சு, நாலு டிரைவருங்க முன்னால. எண்பது மீட்டர் உயரத்துல வேலை பாக்கறான் என் பையன்னு சொன்னேன். அதை யாரு உன்கிட்ட வந்து சொன்னது?”

டெய்லரம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கப் போய் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எத்தனையோ பொய்யில் ஒன்றாவது மெய்யாக இருந்ததே என்று நெஞ்சு நிறைந்துபோனது. “யாரோ சொன்னாங்க” என்று துடைத்துக்கொண்டாள்.

இரண்டு இருபதுக்கு மூவரும் மறுபடி மூன்றாவது மாடியில் நின்றார்கள். காவலாளி இந்தத் தடவை பட்டியலைப் பார்க்காமலேயே, “வாங்க சார், உங்களைத்தான் எதிர்பார்த்துக்கிட்டிருக்கேன்” என்றார். சார்ட் சார் காலரைச் சரி செய்துகொண்டார். அவருக்கு அறுபது வயது என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

“பதினெட்டு நிமிஷம் பேசினீங்களே” என்றாள் டெய்லரம்மா. “கட்டில், டிப்போ, ரெண்டும் சேர்ந்தா மூணு நிமிஷம். மிச்சத்துக்கு என்ன சொன்னான்?”

அவர் தயங்கினார். ஃபைலை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

“ஒரு விஷயம் சொன்னான். நாம அங்க போய்ச் சேர்றதுக்குள்ள முடிவு பண்ணணுமாம். என்கிட்ட யோசனை கேட்டான்.”

“என்ன விஷயம்?”

“அது… அம்மாகிட்ட இப்போதைக்குச் சொல்லாதீங்கப்பான்னு சொன்னான்.”

மறைக்க வேண்டும் என்று அவர் எவ்வளவோ முயன்றார். ஆனாலும் அந்த ‘அப்பா’வைச் சொல்லும்போது முகத்தில் பெருமை வழிந்தது. டோக்கனை வாங்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல், கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

டெய்லரம்மா நாற்காலியில் உட்கார்ந்தாள். நாலு வருஷம் அவள் வேண்டாத தெய்வமில்லை, அழாத நாளில்லை. இரண்டு பேரும் பேசினால் போதும், வேறொன்றும் வேண்டாம் என்றுதானே வேண்டினாள்? பேசிவிட்டார்கள். அவளுக்குச் சந்தோஷம்தான், சத்தியமாகச் சந்தோஷம்தான். ஆனால் இந்த நாலு வருஷத்தில் அந்தப் பிள்ளை அவளிடம் மறைத்த முதல் விஷயம் இது.